ஸவாஹிரா அடுக்கிய சிலுவைப்பாதை

லுணுகலைக் கடைத்தெருவில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே 'றில்வான் கிளாஸ் ஹவுஸ்' என்றொரு கடை இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் றில்வானைத்தான் தேடுவார்கள். றில்வானும் இருப்பார். வாசலில் நாற்காலியைப் போட்டு, பிளேன்டீயும் கையுமாக, போகிற வருகிறவர்களிடம் நாட்டு நடப்புப் பேசிக்கொண்டிருப்பார். ஆனால் கண்ணாடி என்று யாராவது வாயைத் திறந்தால் உடனே உள்பக்கம் கையைக் காட்டிவிடுவார். உள்ளே நீண்ட மேசைக்குப் பின்னால், தலைத்துணியை இறுக்கிச் செருகிக்கொண்டு, அடிக்கோலும் கண்ணாடி வெட்டியுமாக நிற்பவள் அவர் மனைவி ஸவாஹிரா.

கல்யாணமான இரண்டாவது வாரம், பள்ளிக்கூட ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டும்போது றில்வான் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். ஏழு தையல். அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கிற கிளாசைக்கூட இரண்டு கையாலும் பயபக்தியோடு தூக்குகிற மனிதராகிவிட்டார். பாதி வெட்டிய கண்ணாடி மேசையிலேயே கிடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. ஸவாஹிரா பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். சின்ன வயதிலேயே கத்தரியைப் பிடித்தவள். மூன்றாம் நாள் யாரிடமும் கேட்காமல் வெட்டியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். கண்ணாடி சொன்ன இடத்தில் பிரிந்தது.

"துணி வெட்டுற மாதிரித்தான்" என்றாள் கணவனிடம். "பொறகு தைக்க மட்டும் ஏலாது."

அப்படித் தொடங்கியது முப்பது வருஷமாகிவிட்டது. இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து கடைக்கு வருகிற வேலையில் பாதி சாமி படங்கள்தான். முருகனையும் பிள்ளையாரையும் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும், பஸ்சிலேயே பார்த்திருக்கிறாள். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், கொண்டுவந்த படங்கள்தான் தொந்தரவு கொடுத்தன. எல்லாரும் ஒரே மாதிரி தாடி, ஒரே மாதிரி அங்கி, தலைக்குப் பின்னால் ஒரே மாதிரி வட்டம். துண்டுச் சீட்டில் என்ன பெயர் எழுதுவது? 'பூ வைத்திருப்பவர்', 'சாவி வைத்திருப்பவர்', 'பிள்ளையைத் தூக்கியவர்' என்று எழுதி ஒட்டினாள். ஒருநாள் பூ வைத்திருப்பவர் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் சூசையப்பர், ஒருவர் அந்தோனியார். ஸவாஹிரா மாற்றிக் கொடுத்துவிட்டாள். மடுல்சீமைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இரண்டு மாதம் சூசையப்பருக்கு முன்னால் நின்று, தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரிடம் வேண்டிக்கொண்டு, தொலைந்த மாட்டைத் தேடிக்கொண்டிருந்தது. மாடு கிடைக்கவில்லை. ஆனால் பெரிய சண்டை கிடைத்தது.

அதன் பிறகு அவள் விடவில்லை. படம் கொண்டுவருகிறவர்களை மேசைக்கு முன் நிறுத்தி, "இது யாரு? கையில என்ன? ஏன் அத வச்சிக்கிறாரு?" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சில வருஷங்களில் நிலைமை தலைகீழானது. பெட்டிக்கடியில் கிடைத்த பழைய படத்தைத் தூக்கிக்கொண்டு, "ராத்தா, இது யாருன்னு பாத்துச் சொல்லுங்க" என்று தோட்டத்து ஆட்கள் அவளிடம் வரத் தொடங்கினார்கள். அக்காள் என்ற மரியாதையில் அவளை ராத்தா என்றும், அண்ணன் என்ற மரியாதையில் றில்வானை நானா என்றும் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவளும் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "தட்டுல கண்ணு ரெண்டு ஈக்குதே, அப்ப லூசியம்மா. கண்ணு நோவுக்கு" என்பாள். கேட்டவர்கள் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு போவார்கள்.

இதில் ஒரு விசித்திரம். கடையில் சட்டம் போட்டு முடித்த படங்கள் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். கடையின் பின் மூலையில் அவள் நண்பகல் லுஹரும் பிற்பகல் அஸரும் தொழுவாள். தொழுகிற இடத்தில் எந்த முகமும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் எல்லாப் புனிதர்களும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். புனிதரின் பெயரைச் சொன்னால், பின்பக்க அட்டையைத் தடவியே சரியானவரை உருவிக் கொடுப்பாள்.

றில்வானின் மூத்த சகோதரர் ஜௌபர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். அவருக்கு இந்த வியாபாரம் நெஞ்சில் முள்.

"உருவம் வரையிறவனுக்கு மறுமையில கேள்வி ஈக்குது, தெரியுந்தானே?" என்று ஒருநாள் கேட்டார்.

"நான் வரையல்லயே மச்சான். நாலு பக்கமும் சட்டந்தான் அடிக்கிறேன்."

"சட்டத்துக்குள்ள ஈக்கிறது உருவந்தானே?"

"ஒங்க ஐடென்டிட்டி கார்ட்டுக்குப் பிளாஸ்டிக் போட்டுத் தந்ததும் நான்தான். அதுக்குள்ள ஈக்கிறது என்ன, ரோசாப்பூவா?"

ஜௌபர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

முஸ்லிம் பெயர் தாங்கிய சிலர் கிறிஸ்தவக் கோயில்களில் வெடிக்க வைத்த ஈஸ்டர் ஞாயிற்றுக் குண்டுகளுக்குப் பிறகு ஏழு மாதம் கடைக்கு ஒரு புனிதரும் வரவில்லை. யாரும் வந்து சண்டை போடவில்லை. கடையைத் தாண்டும்போது நடையை விரைவாக்கினார்கள், அவ்வளவுதான். அந்த ராத்தா நம்ம சாமிகளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறாள் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. இருபது வருஷமாக அப்படித்தான் இருந்தது. யாருக்கும் குற்றமாகப் படவில்லை. ஸவாஹிரா ஜன்னல் கண்ணாடி மட்டும் வெட்டினாள். றில்வான் வாசல் நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த ஏழு மாதமும் கடையில் பேச்சுச் சத்தமே இல்லை.

முதலில் வந்தது வெள்ளைக்கல் தோட்டத்துச் சவரியம்மா. கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற பிறகும் குரல் மட்டும் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு எட்டும். கக்கத்தில், உடம்பெல்லாம் அம்பு தைத்த செபஸ்தியார் படத்தோடு உள்ளே வந்து மேசைமேல் பொத்தென்று வைத்தாள்.

"டவுன்ல ஒரு கடையில குடுத்தேன் ராத்தா. அந்தப் பாவி சட்டம் சின்னதாப் போச்சுன்னு படத்த வெட்டிட்டான். பாருங்க, அம்பு ரெண்டக் காணோம்!"

றில்வான் எட்டிப் பார்த்தார். "ரெண்டு அம்பு கொறஞ்சா அவருக்கு நல்லதுதானே?"

சவரியம்மா அவரை முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் கடையில் கேட்ட முதல் சிரிப்பு அது. ஸவாஹிரா தலையைக் குனிந்துகொண்டு, வேலை எதுவும் இல்லாத மேசையை வெகு நேரம் துடைத்தாள். மறு வாரத்திலிருந்து வெள்ளைக்கல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

இனி அந்தப் பதினாலு படங்களின் கதை.

வெள்ளைக்கல் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று உண்டு. அதன் உபதேசியார் சூசைமுத்து. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஃபாதர் வராத நாட்களில் ஜெபம் சொல்லிக்கொடுப்பது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். ஒரு பெப்ரவரி மாதம், த்ரீவீலரில் சாக்கைப் போட்டு மூடி, பதினாலு படங்களைக் கொண்டுவந்து இறக்கினார். சிலுவைப்பாதைப் படங்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சனங்கள் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் போய் நின்று ஜெபம் சொல்லுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஸ்தலம். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த படங்கள்; அடியில் எழுதியிருந்தது பிரெஞ்சோ இத்தாலியோ, அதையும் கறையான் தின்றிருந்தது. சட்டங்களிலும் கறையான்.

"எது மொத, எது ரெண்டாவதுன்னு சட்டத்து ஓரத்துல சூட்டுக்கம்பியால நம்பர் போட்டிருக்கு ராத்தா. அதே நம்பர புதுச் சட்டத்துலயும் போட்டுருங்க. மொத வெள்ளிக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஸவாஹிரா பண்டாரவளையில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. அன்றைக்கென்று றில்வானுக்கு உதவி செய்யும் ஆசை வந்துவிட்டது. கறையான் கடையிலுள்ள புது மரத்துக்கும் பரவிவிடும் என்ற கவலை வேறு. இரண்டு கையிலும் இரண்டிரண்டு காலுறைகளை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பதினாலு படங்களையும் சட்டத்திலிருந்து பிரித்தார். முப்பது வருஷத்தில் அவர் கண்ணாடியைத் தொட்ட ஒரே நாள். படங்களைப் பத்திரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கறையான் பிடித்த சட்டங்களை அடுப்பில் வைத்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்த மனைவியிடம், "கல்யாண வீட்டுக்குப் போன களைப்புல வருவே, குளிக்கச் சுடுதண்ணி போட்டு வச்சிருக்கேன்" என்றார் பெருமையாக. "ஒரு கறையான் தப்பல்ல."

ஸவாஹிரா அடுப்பைப் பார்த்தாள். சாம்பலில் '9' என்ற ஒரே ஒரு எண் மட்டும் கருகாமல் கிடந்தது. அதுவும் தலைகீழாகப் பார்த்தால் 6.

உபதேசியாரைக் கேட்டிருக்கலாம். வெள்ளைக்கல்லில் சிக்னல் கிடைப்பது கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான் என்றாலும், நாலு தரம் எடுத்தால் ஒரு தரம் கிடைக்கும். ஆனால் றில்வான் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டா, நாமதான் எரிச்சிட்டோம்னு தெரிஞ்சிருமே. ஒனக்குத் தெரியாத சாமியா? முதுகப் பாத்தே செல்லுவியே!"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கெடுத்தது. ஊரெல்லாம் வந்து கேட்கிற ராத்தா, தனக்கு ஒன்று தெரியவில்லை என்று எப்படிக் கேட்பது?

கடையை அடைத்துவிட்டுப் பதினாலையும் தரையில் பரப்பினாள். இத்தனை வருஷமும் அவள் பார்த்தது ஒவ்வொரு ஆளாகத்தான். ஒரு மனிதருக்கு ஒருநாளில் நடந்ததை இப்படி முழுதாகப் பார்த்ததில்லை. முதல் இரண்டும் கடைசி ஐந்தும் சுலபம். நீதிபதி கை கழுவுகிறார், தோளில் சிலுவையை வைக்கிறார்கள். முடிவில் உடையைக் கழற்றுகிறார்கள், ஆணி அடிக்கிறார்கள், உயிர் போகிறது, தாய் மடியில் கிடத்துகிறார்கள், கல்லறையில் வைக்கிறார்கள். நடுவிலுள்ள ஏழில்தான் சிக்கல். அந்த மனிதர் மூன்று தரம் விழுகிறார். முழங்காலில் எவ்வளவு மண் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, விழுந்ததை ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்தாள். மற்ற நாலு படங்களில் ஒருத்தி துணியால் முகத்தைத் துடைக்கிறாள், சில பெண்கள் நின்று அழுகிறார்கள், ஒரு ஆள் சிலுவையைத் தூக்க உதவுகிறான், தாய் எதிரே வந்து நிற்கிறாள்.

"உம்மாதான் மொத" என்றாள் ஸவாஹிரா, தாய் வருகிற படத்தை மூன்றாவது இடத்தில் வைத்து. "மகனுக்கு இப்படின்னு கேள்விப்பட்டா எந்த உம்மா தாமதிச்சு வருவா?"

"அது சரி" என்றார் றில்வான்.

"தொடச்சி விடுறவ அடுத்தது. பொம்புள பாத்துக்கிட்டு நிக்க மாட்டா. பொறகுதான் விழுறாரு."

"இந்தச் சிலுவ தூக்குற ஆளு?"

அவனைக் கையில் எடுத்து வெகு நேரம் யோசித்தாள். அவனை முன்னால் வைத்தால், பின்னால் வரும் படங்களிலெல்லாம் அந்த மனிதர் மறுபடி தனியாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறாரே? உதவ வந்தவன் எங்கே போய்விட்டான்?

"பாதியில விட்டுட்டுப் போறவன என்னத்துக்கு ஒரு மனுஷன்னு படத்துல வரையிறான்? இவன் கடைசியா வந்தவன். கடைசி வரைக்கும் நின்னவன்." அவனை ஒன்பதாவது இடத்தில் வைத்தாள்.

சாம்பலில் கிடந்த 9-ஐ நினைத்து மனதுக்குள் திருப்தியும் பட்டுக்கொண்டாள். தேக்குச் சட்டம் போட்டாள். மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி. பின்பக்கம் பென்சிலால் ஒன்று முதல் பதினாலு வரை அழகாக எழுதிக் கொடுத்தனுப்பினாள்.

அந்த வருஷம் முஸ்லிம்களின் நோன்பும் வேதக்காரர்களின் தவக்காலமும் மூன்று நாள் இடைவெளியில் தொடங்கின. முதல் வெள்ளிக்கிழமை வெள்ளைக்கல் கோயிலில் என்ன நடந்தது என்பதைப் பிறகு சவரியம்மா கடைக்கு வந்து நடித்தே காட்டினாள்.

சூசைமுத்து பின்பக்கத்து எண்ணை மட்டும் பார்த்து, முந்தின நாளே படங்களை மாட்டியிருந்தார். இடப்பக்கச் சுவரில் ஏழு, வலப்பக்கத்தில் ஏழு. ஜெபம் அவருக்கு மனப்பாடம்; முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லுவார். ஃபாதர் நிஷாந்த் பங்குக்கு வந்து ஆறு மாதமே ஆன இளைஞர்; சிலுவையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். முதலாம் ஸ்தலம், இரண்டாம் ஸ்தலம் ஒழுங்காகப் போயிற்று.

"மூன்றாம் ஸ்தலம்! இயேசுநாதர் முதல் முறை குப்புற விழுகிறார்!" என்று கண்ணை மூடிக்கொண்டு முழங்கினார் சூசைமுத்து.

எதிரே தாயும் மகனும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் விழவில்லை. சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "விழுறவரு அங்க இருக்காருங்க!" என்று யாரோ ஐந்தாவது படத்தைக் காட்டினார்கள். கூட்டம் அங்கே நகர்ந்தது. நாலாம் ஸ்தலத்துக்குத் தாயைத் தேடி மறுபடி பின்னால் வந்தது. ஐந்தாம் ஸ்தலத்துக்குச் சிரேனே ஊர் சீமோன் சிலுவை தூக்க வேண்டும். அவரைக் காணவே காணோம். "இந்தாப் பக்கம்! எதிர்ச் செவத்துல!" என்று சவரியம்மா கத்த, பெஞ்சுகளுக்கு நடுவே எல்லாரும் எதிர்ப் பக்கம் ஓடினார்கள். ஆறாம் ஸ்தலத்துக்குத் திரும்ப இந்தப் பக்கம். ஏழாவது படம் மட்டும் தப்பித்தவறித் தன் இடத்திலேயே இருந்தது. அதை நம்பாமல் கூட்டம் எட்டாவதுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஃபாதர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் அலைந்ததில் ஒரு மெழுகுவர்த்தி கவிழ்ந்தது. ஒன்பதாம் ஸ்தலம் முடியும்போது கிழவிகளெல்லாம் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்கள்.

"சத்தியமாச் சொல்றேன் ராத்தா" என்றாள் சவரியம்மா. "இத்தன வருசமா அந்தப் படங்களுக்கு முன்னுக்கு நின்னு தூங்கியிருக்கேன். தேடித் தேடிப் பாத்தது அன்னைக்குத்தான்."

ஆனால் அவள் வருவதற்கு முன்பே, சனிக்கிழமை காலையில் சூசைமுத்து வந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது.

"என்னங்க ராத்தா, வேணும்னே மாத்திட்டாங்கன்னு ரெண்டொருத்தரு பேசுறானுங்க. நான் அப்படி நினைக்கல்ல. ஆனா எப்படி நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

றில்வான் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து பின்வாசல் பக்கம் நகர்ந்தார். ஸவாஹிரா ஒன்றையும் மறைக்கவில்லை. அடுப்பு, சாம்பல், தன் வீம்பு எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொரு படத்தையும் ஏன் அந்த இடத்தில் வைத்தாள் என்பதையும் சொன்னாள்.

"நாலாவதா வருவாங்களா உபதேசியார், ஒரு உம்மா? மொத விழுற வரைக்கும் எங்க இருந்தாங்க?"

சூசைமுத்து விரலை மடக்கி ஸ்தலங்களை எண்ணிப் பார்த்தார்.

"எங்க வழக்கம் அப்படிங்க" என்றார் கடைசியில்.

"வழக்கத்த மாத்தச் செல்லல்ல. நான் போட்ட நம்பர நானே வந்து மாத்தித் தாறேன்."

நோன்போடு கோயிலுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு ஜௌபர் வந்தார். ஸவாஹிரா நடந்ததைச் சொல்லி, "நான் செஞ்ச பிழை மச்சான். சனங்க வேணும்னு செஞ்சதா நெனைக்கிறாங்க" என்றாள். அவர் தாடியை நீவிக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை எடுத்து மேசையில் வைத்தார். "மலப் பாதை. நேரமாயிட்டா வழியில நோன்பு தொறந்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பிற்பகல் ஸவாஹிராவும் சுத்தியலோடு றில்வானும் த்ரீவீலரில் ஏறிப் போனார்கள். கோயிலுக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. ஃபாதர் நிஷாந்தும் வந்திருந்தார். சவரியம்மா ரொட்டியும் கட்டச்சம்பலும் தேத்தண்ணியும் கொண்டுவந்து, இருவரும் நோன்பு என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் துணி போட்டு மூடினாள். சூசைமுத்துவும் தவக்காலத்து ஒருசந்தி. மத்தியானம் ஒரு வேளைதான். துணிக்கடியிலிருந்து வந்த சம்பல் வாசனையை மூன்று பேரும் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

படத்தைக் கழற்றி, சூசைமுத்து கதையைச் சொல்ல, ஸவாஹிரா எண்ணைத் திருத்த, றில்வான் ஆணி அடித்தார். ஐந்தாம் ஸ்தலத்து ஆளிடம் வந்ததும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"இந்தச் சீமோன் ஏன் விட்டுட்டுப் போனாரு?"

முப்பது வருஷமாக அவரைப் பற்றி ஜெபம் சொன்ன சூசைமுத்து ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் தொண்டையைச் செருமினார். "அவரு வழியில போனவருங்க. கட்டாயப்படுத்தித்தான் தூக்க வச்சாங்கன்னு வேதத்துல இருக்கு."

"அப்ப மனசோட வரல்ல. அதான் பாதியில காணோம்."

"இல்லீங்க, அவரு கடைசி வரைக்கும் பின்னாலயே போயிருப்பாரு" என்று சூசைமுத்து ரோஷத்தோடு சொன்னார். தன் சொந்தக்காரரைக் குறை சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு.

பன்னிரண்டாவது படத்துக்கு வந்ததும் ஸவாஹிரா நின்றாள். சிலுவையில் உயிர் போகிற படம்.

"உபதேசியார், ஒன்னு செல்லணும். எங்க நம்பிக்கையில இது இல்ல. ஈஸா நபிய அவங்க கொல்லவும் இல்ல, சிலுவையில அறையவும் இல்ல. அல்லாஹ் தன்கிட்ட உயர்த்திக்கிட்டான்."

றில்வானின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியிருந்தது.

"நீங்க நம்பாத படத்த" என்று சூசைமுத்து மெதுவாகக் கேட்டார், "ஏன் ராத்தா இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சீங்க?"

"நீங்க நம்புறீங்கதானே? கண்ணாடியில கீறல் விழுந்தா ஒங்களுக்குத்தானே நோவும்."

சூசைமுத்து படத்தைத் தானே வாங்கி மாட்டினார். அடுத்தது தாய் மடியில் மகன். ஸவாஹிரா அதை முந்தானை நுனியால் ஒரு தரம் துடைத்துவிட்டு நீட்டினாள். "மரியம் பேருல குர்ஆன்ல ஒரு சூறாவே ஈக்குது."

"சூறான்னா?"

"ஒரு அதிகாரம்."

"மாதா பேருல ஒரு முழு அதிகாரமா?" சூசைமுத்து ஃபாதர் பக்கம் திரும்பினார். "ஃபாதர், எங்களுக்கு அப்படி ஒண்ணு இல்லியே!"

ஃபாதர் நிஷாந்த், அதைத் தானே எழுத மறந்துவிட்ட மாதிரி தலையைச் சொறிந்தார்.

கல்லறைப் படத்தை மாட்டி இறங்கும்போது, "இதோட முடியல்ல ராத்தா, அவரு திரும்ப வருவாரு" என்றார் சூசைமுத்து.

"ஓ. நாங்களும் அப்படித்தான் செல்றது. கடைசிக் காலத்துல எறங்கி வருவாரு."

றில்வானுக்குப் பசியோடு ஆச்சரியமும் சேர்ந்துகொண்டது. "அப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளுக்கா காத்துக்கிட்டு நிக்கிறோம்? எங்க வருவாரு, இங்கயா, லுணுகலைக்கா?"

"மழைன்னா பஸ்சு லுணுகலையோட நின்னுரும்" என்றாள் சவரியம்மா. "ஒங்க கடையிலதான் நானா ஒதுங்கணும். ஒரு நாற்காலி போட்டு வைங்க."

மழையால் த்ரீவீலர் இறங்க முடியவில்லை. வேலையைப் பார்க்க வந்த முப்பது பேரும் கோயிலுக்குள்ளேயே ஒதுங்கிவிட்டார்கள். ஆறு மணிக்குச் சூசைமுத்து வழக்கம்போலப் போய் ஜெப மணியை அடித்தார். மணி என்று காதில் விழுந்ததும் றில்வானின் கையிலிருந்த பேரீச்சம்பழம் வாய்க்கு நேரே போனது. ஸவாஹிரா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது அவங்க மணி. நமக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் ஈக்குது."

றில்வான் பழத்தை இறக்கினார். முப்பது பேரும் அவரையே பார்த்தார்கள். ஜெபம் முடித்து வந்த சூசைமுத்துவும் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் ரொட்டியைத் தொடவில்லை. ஃபாதர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஓட்டப்பந்தயத்தில் நேரம் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

"இன்னும் எவ்வளவு ஃபாதர்?" என்றாள் சவரியம்மா.

"பதினொன்னு."

"இது என்ன நேரம், நகரவே மாட்டேங்குது! நானா, ஒங்களுக்குத் தலைய சுத்துதா?"

"நீங்க கேக்கக் கேக்கத்தான் சுத்துது" என்றார் றில்வான்.

ஆறு பதினெட்டுக்கு ஃபாதர் கையை உயர்த்தினார். ஸவாஹிராவும் றில்வானும் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை வாயில் வைத்தார்கள். கோயில் முழுக்கப் பெருமூச்சு விட்டது. ரொட்டி பிய்ந்தது, தேத்தண்ணி ஊற்றினார்கள். சூசைமுத்து ஒருசந்தியை மறந்து ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டார். ஃபாதர் எதிர்ச் சுவரிலுள்ள படத்தை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிலுவைப்பாதை நேராக நடந்தது. அதற்கு அடுத்த நாள் சவரியம்மா பேத்தியின் கல்யாணப் படத்துக்குச் சட்டம் போடக் கடைக்கு வந்தாள்.

"ராத்தா, ஐந்தாம் ஸ்தலத்துல உபதேசியார் கண்ணைத் தொறந்துட்டாரு. சீமோனு கடைசி வரைக்கும் கூட வந்தாருன்னு புத்தகத்துல இல்லாத ஒண்ணச் சேத்துச் சொல்லிட்டாரு. வெளியில வந்ததும் ஒரே சண்ட. பாதியில போயிட்டாருன்னு ஒரு பக்கம், போகலன்னு ஒரு பக்கம். இன்னைக்கு மடுவத்துல கொழுந்து நிறுக்கையிலயும் அதே பேச்சுத்தான். பாதியில போயிட்டாருன்னு சொல்ற ஒங்க பக்கம் பதினோரு பேரு."

ஸவாஹிரா அடிக்கோலைக் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினாள். "உபதேசியார் பக்கம்?"

"பதினாலு."

"ஃபாதர் யாரு பக்கம்?"

"அவரு நேத்தே பதுளைக்குப் போயிட்டாருங்க."